எல்லா ஊரிலும் ஒரே வீடு

"கடலுக்கு அடியில இருக்கிற ஊர்ல மணி வார்க்கிற பட்டறை எதுக்கு சார்?"

நான் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளி முறைத்த முறைப்பில், அந்தப் பட்டறையை நானே தூக்கிக்கொண்டு போய்க் கடலுக்கடியில் வைத்துவிட்டது போல இருந்தது.

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா உங்களைக் கூப்பிட்டேன்!"

என் சித்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சித்தி என்று சொல்லக் கூடாது. துப்பறியும் வேலையில் இருக்கும்போது அவர் 'மேடம்'. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிய பிறகுதான் சித்தி. நான் அவருக்கு உதவியாளர், டிரைவர், அவ்வப்போது மனசாட்சி. சம்பளம் என்னவோ உதவியாளருக்கு மட்டும்தான்.

"இன்னொரு ஊர் போடு, வாயாடி," என்றார் மேடம்.

போட்டேன். அந்த மென்பொருளின் பெயர் 'ஊராக்கி'. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் கதை நடத்த, மற்றவர்கள் அதில் வீரனாகவோ திருடனாகவோ நடித்து, பகடை உருட்டி விளையாடுவார்களே, அந்த ஆட்டக்காரர்களுக்காகச் செய்தது. செழிப்பு, குற்றம், பக்தி, வானிலை என்று வரிசையாகக் குமிழ்கள். நமக்கு வேண்டிய அளவுக்குத் திருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், தெரு, கடை, கிணறு, ஊர் வம்பு உட்பட ஒரு முழு ஊர் கண்முன்னே முளைக்கும். ஒவ்வொரு முறையும் வேறு ஊர். அதுதான் வியாபாரமே.

செழிப்பைக் குறைத்தேன். பனியைக் கூட்டினேன். குற்றத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். பனி மூடிய திருட்டு ஊர் ஒன்று வந்தது. ஊர் வாசலை ஒட்டி அதே பட்டறை. அதே மூன்று படி, அதே கோணல் புகைபோக்கி, அதே நீல ஜன்னல். அடுத்துப் பாலைவனம் போட்டேன். அங்கேயும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, பல்லைக் காட்டிக்கொண்டு.

மேடம் கையை நீட்டி அந்த வீட்டைத் தொட்டார். ஓரத்தில் எழுத்துகள் வந்தன.

'வசிப்பவர்: மணி வார்ப்பவர். குணம்: அமைதி. ரகசியம்: ஊர்மணியை உடைத்தவர் இவர்தான். பழி வேறொருவன் மேல் விழுந்தது. யாராவது வந்து கேட்டால் சொல்லிவிடுவார்.'

"வாங்கினவன் எல்லாம் காறித் துப்பறான்," என்றார் முதலாளி. "ஆயிரம் ஊர் போட்டாலும் அதே மணிக்காரனான்னு ஊரே சிரிக்குது. இது நாசவேலைங்க. யார் பண்ணினதுன்னும் தெரியும். அதோ உட்கார்ந்திருக்கு பாருங்க."

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆபீஸ் அது. கீழேயிருந்து ரப்பர் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. மூலை மேஜையில் ஒரு பெண், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடித்த கண்ணாடி. ஆபீஸில் அவளுக்குப் பெயரே 'கண்ணாடி'தான். புரோகிராம் எழுதுகிறவள். வேறு கம்பெனியில் வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்திருக்கிறாள். போகிற போக்கில் குழி பறித்துவிட்டுப் போகிறாள் என்பது முதலாளியின் கட்சி.

"சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரம் வேணுமா, உண்மை வேணுமா?" என்றார் மேடம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சில நாள் ஒண்ணா இருக்கும்."

அப்போது ஒருவர் டீ கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையில் மைக்கறை. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி அவரை 'மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கண்ணாடிகூட அவரை 'மச்சான் சார்' என்றுதான் சொன்னாள். ஊராக்கியில் இருக்கும் வீடுகள் எல்லாவற்றையும் கையால் வரைந்தவர் இவர்தானாம்.

"அந்தப் பொண்ணு பண்ணியிருக்காது அத்தான்," என்றார் மெதுவாக.

"நீ சும்மா இரு மச்சான். உனக்கு எல்லாரும் நல்லவங்க."

மச்சான் தட்டோடு நகர்ந்தார். கண்ணாடிக்கு முன்னால் டீயை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடியும் கிட்டே நகர்த்தினார்.

"இந்த மணிக்காரர் வீடு அழகா வரைஞ்சிருக்கீங்க," என்றார் மேடம். "கதவைத் தட்டிப் பார்க்கணும்னு தோணுது."

வரைகிறவர்களைப் பாராட்டினால் பூரித்துப் போவார்கள். இவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேடம் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சொல்லும்மா. ஒரே வீடு எப்படி எல்லா ஊருக்கும் போகும்?"

"ஆணி மேடம்."

"எங்க அடிச்சது?"

"இல்ல, அது நாங்க சொல்ற வார்த்தை. ஊர் போடறப்போ ஒரு வீடு பிடிச்சுப்போச்சுன்னு வைங்க. அதுமேல ஆணி அடிச்சிடலாம். அப்புறம் எத்தனை தடவை கலைச்சுப் போட்டாலும் மத்ததெல்லாம் மாறும், அது மட்டும் மாறாது. வேலை முடிஞ்சதும் பிடுங்கிடணும். இதை யாரோ பிடுங்கல. ஆணியோடயே விற்பனைக்குப் போயிடுச்சு."

"அடிச்சது யாரு?"

"தெரியல. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு."

"என்னது?" என்றேன் நான்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு. முதலாளி மறந்துடுவார்னு."

கோட்டைக்கு நல்ல காவல். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் கடைசியா சேர்த்தது நான்தான் மேடம். ஆணி இருக்கான்னு பார்த்திருக்கணும், பார்க்கல. அது என் தப்பு. அதை எங்க வேணும்னாலும் ஒத்துக்கிறேன். ஆனா அடிச்சது நான் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போலீஸ்ல பேர் போயிட்டா புது வேலையும் போச்சு. அப்பாகிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால், காரில் வரும்போதே 'அந்தப் பொண்ணுதான் பண்ணியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்' என்று சொன்னவள் நான்.

மேடம் மறுபடியும் ஊர் மேல் ஊராகப் போட்டார். மலை ஊர், தீவு ஊர், சுடுகாட்டை ஒட்டிய ஊர்.

"வாயாடி, நீ இவங்களைப் பழி வாங்கணும்னா என்ன பண்ணுவே?"

"எல்லா வீட்டிலயும் ஒரு கழுதையைக் கட்டிவிடுவேன். மேயர் வீட்ல ரெண்டு."

"அதேதான். கெடுக்கணும்னு வந்தவன் இவ்வளவு மரியாதையா ஒரே ஒரு வீட்டை வெப்பானா? இந்த வீடு எங்க வருதுன்னு பார்த்தியா?"

"ஊர் வாசல்ல."

"வாசல் கிழக்கே போனா இதுவும் கிழக்கே போகுது. மலை உச்சிக்குப் போனா இதுவும் கூடவே ஏறுது. வெளியூர்ல இருந்து வர்றவன் கண்ணுல முதல்ல படணும்னு வெச்சிருக்காங்க. 'யாராவது வந்து கேட்டால்'னு எழுதியிருக்கு. அந்த ஊருக்கு யார் வருவா?"

"விளையாடறவங்க."

"அப்ப ஆணி அடிச்சவர் கெடுக்க வந்தவர் இல்ல. கதை நடத்தறவர். எதிர்ல யாரோ சிலரை உட்கார வெச்சு, அவங்க எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதவு முன்னாடி வந்து நிக்கணும்னு பார்த்தவர்." மேடம் கண்ணாடியைப் பார்த்தார். "இங்க யாரும்மா இந்த ஆட்டம் ஆடறது?"

"இங்க யாரும் ஆடறதில்ல மேடம். எனக்கே பொறுமை கிடையாது. முன்னாடி சின்னவர் ஆடுவார்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவன் பேச்சை இங்க எடுக்காதே!"

பேச்சை எடுக்காதே என்றவரே பிறகு முழுக் கதையையும் கொட்டினார். சின்னவர் என்பது அவருடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. போன வருஷம், முதல் வெளியீட்டுக்கு முந்தின நாள், அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மொத்த வரைபடங்களும் அழிந்து கிடந்தன. கோபத்தில் தம்பிதான் அழித்துவிட்டான். வீட்டை விட்டே போகச் சொல்லியாகிவிட்டது. அப்புறம் முகத்தில் முழிக்கவில்லை.

"அவரே ஒத்துக்கிட்டாரா?" என்றார் மேடம்.

"ஒத்துக்குவானா? இல்லவே இல்லைன்னு சாதிச்சான்."

"நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா, சொன்னீங்களா?"

முதலாளி பேனாவை டிக் டிக் என்று அழுத்தினார்.

காரில் ஏறியதும் நான் கேஸை முடித்துவிட்டேன். "மேடம், வேலை முடிஞ்சது. அழிச்சது சின்னவர். இப்ப ஆணி அடிச்சு வம்பு பண்றதும் சின்னவர். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அவருக்கும் தெரியும்."

"தான் உடைச்ச மணியைப் பத்தி, 'பழி வேறொருத்தன் மேல விழுந்தது'ன்னு அவரே எழுதுவாரா?"

எனக்குப் புரிய ஒரு சிக்னல் தேவைப்பட்டது. "உடைஞ்ச மணின்னா... அழிஞ்ச வரைபடமா?"

"வண்டியைப் பார்த்து ஓட்டு."

சின்னவர் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. அண்ணனின் அதே மூக்கு, ஆனால் சிரிக்கத் தெரிந்த முகம். காகிதக் கட்டு பறக்காமல் இருக்க மேலே இருபது முகப் பகடை ஒன்றை வைத்திருந்தார். பார்த்ததும் நான் பாய்ந்தேன்.

"மணி வார்க்கிறவர் வீட்டை உங்களுக்குத் தெரியுமா?"

திருதிருவென்று முழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ, அந்த வீடா! உங்களையும் துரத்துதா? லீவு நாள்ல நாங்க நாலு பேர் இங்கயே ஷட்டரை இறக்கிட்டு ஆடுவோம். ரொம்ப நாளா எந்த ஊருக்குப் போனாலும் வாசல்ல அதே வீடு. ஏதோ பொறி வெச்சிருக்கான்னு நாங்க உள்ள போறதே இல்ல. 'தாண்டிப் போறோம்'னு சொல்லிடுவேன். அவன் மூஞ்சி சுண்டிப்போயிடும். ஆனா அடுத்த வாரம் மறுபடி கொண்டாந்து வெப்பான்."

"யாரு?" என்றார் மேடம். கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"மச்சான்தான். அண்ணியோட தம்பி. அவன்தான் எங்களுக்குக் கதை நடத்தறது." சின்னவர் மெஷினில் காகிதத்தைச் செருகினார். "அண்ணனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. வீட்டை விட்டு வந்ததுல இருந்து என்னைத் தேடி வர்ற ஒரே ஆள் அவன்தான். அம்மா தவறினப்போகூட, எல்லாரும் அண்ணன் பக்கம் நின்னாங்க. அவன் மட்டும் என் பக்கத்துல வந்து நின்னான்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார். ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே நண்பனைப் பிடுங்குகிற வேலை எங்களுடையது என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. நல்ல பிழைப்பு.

"பேசாம முதலாளிக்கு போன் பண்ணிச் சொல்லிடலாமே?" என்றேன், வெளியே வந்து.

"நாம சொன்னா அது துப்பு. மச்சானே சொன்னாத்தான் சின்னவருக்கு ஏதாவது மிச்சம்." மேடம் திரும்ப உள்ளே போனார். "தம்பி, உங்க மச்சானைக் கூப்பிடுங்க. புதுசா ரெண்டு பேர் ஆட்டம் கத்துக்கணும்னு நிக்கறாங்கன்னு சொல்லுங்க."

மச்சான் லேப்டாப்போடு வந்தார். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பி ஓடுவார் என்று நினைத்து நான் குறுக்கே நகரப் பார்த்தேன். ஆனால் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

சின்னவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். காகிதக் கட்டுகளே எங்களுக்கு நாற்காலி. "மேடம், நீங்க ஒரு வைத்தியர். நீங்க..." என்று என்னைப் பார்த்தார், "...திருடி."

"பார்த்ததும் சொல்லிட்டீங்களே," என்றேன்.

மச்சான் பொத்தானை அழுத்தினார். மழை பெய்யும் ஊர் ஒன்று வந்தது. "நீங்க மூணு பேரும் ஊர் வாசலுக்கு வர்றீங்க," என்றார். "தெரு காலியா இருக்கு. இடது பக்கம் ஒரு மணி வார்க்கிற பட்டறை. மூணு படி. நீல ஜன்னல்."

"வந்துட்டான்யா மணிக்காரன்!" சின்னவர் தொடையைத் தட்டினார். "தாண்டிப் போறோம்."

"நான் போகல," என்றார் மேடம். "நான் படியேறிக் கதவைத் தட்டறேன்."

ஜெராக்ஸ் மெஷின் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது. மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு... திறக்குது."

"ஐயா, நாங்க ஊருக்குப் புதுசு. இந்த ஊர்ல மணிச் சத்தமே கேட்கலியே. என்ன ஆச்சு?"

"உடைஞ்சுபோச்சு."

"யார் உடைச்சாங்க?"

"ஒரு பையன்னு சொல்லி ஊரை விட்டுத் துரத்திட்டாங்க."

"நான் அதைக் கேட்கல. யார் உடைச்சாங்க?"

மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "மணி வார்க்கிறவர் சொல்றார்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். லேப்டாப்பை மூடினார். அதற்கப்புறம் மணி வார்க்கிறவர் பேசவில்லை.

"நான்தான்டா," என்றார், சின்னவரைப் பார்த்து. "வெளியீட்டுக்கு இடம் பத்தலன்னு பழைய ஊரையெல்லாம் அழிச்சேன். மூல வரைபடமும் அதுக்குள்ளதான் இருந்தது. பார்க்காம அழிச்சிட்டேன். காலைல வந்ததும் அத்தான்கிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன். வந்து பார்த்தா, அத்தான் உன் சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கறார். வாயைத் திறக்க முடியல. அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்குன்னு..."

சின்னவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுக்க அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"நீயா கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் ஆபீஸ்ல உட்கார்ந்து உனக்கு ஊர் போடறப்போ எல்லாம் அந்த வீட்டை ஆணி அடிச்சு வெச்சேன். எந்த ஊருக்கு வந்தாலும் நீ பார்க்கணும்னு. நீ தாண்டித் தாண்டிப் போயிட்டே. நான் ஆணியைப் பிடுங்க மறந்துட்டேன், அது வெளிய போயிடுச்சு. இப்ப அந்தப் பொண்ணு தலையில..."

"அப்ப, கதவைத் தட்டாதது என் தப்பா?"

மச்சான் மூடிய லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா கடைசி வரைக்கும் என்ன சொன்னாங்க தெரியுமா?" சின்னவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "'கோபத்துல பண்ணிட்டே, போகட்டும், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளுடா'ன்னாங்க. நான் பண்ணலம்மான்னு சொன்னேன். நம்பவே இல்ல. நம்பாமலே போயிட்டாங்க. நீ என் பக்கத்துலதானே நின்னே? அப்பவும் வாயைத் திறக்கல."

மச்சான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது நக்கல் என் வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கு எச்சில்கூட இல்லை.

மேடம் ஷட்டருக்கு வெளியே சாய்ந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். "சாயங்காலம் ஆகுது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். எண்ணை அழுத்த இரண்டு தடவை தவறியது. அவரே ஸ்பீக்கரில் போட்டுக் காகிதக் கட்டின் மேல் வைத்தார்.

"அத்தான், புகார் கொடுக்காதீங்க. அந்தப் பொண்ணு இல்ல. அந்த வீட்டை வெச்சது நான்."

"என்ன உளர்றே?"

"போன வருஷம் வரைபடத்தை அழிச்சதும் நான்தான் அத்தான்."

அந்தப் பக்கம் பேனா டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

டயர் கடையில் யாரோ சுத்தியல் போடும் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் முதலாளியின் குரல், காலையில் கேட்ட குரலே இல்லை. "அவன்... பக்கத்துல இருக்கானா?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். சின்னவர் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"நான் அவன்கிட்ட கேட்கவே இல்ல மச்சான்," என்றது போன். "ஒரு தடவைகூட 'நீயா பண்ணினே'ன்னு கேட்கல. நீதான்னுதான் சொன்னேன்." பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லணும்," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே வைத்துவிட்டார்.

எங்கள் வேலை முடிந்தது. கண்ணாடியின் பெயர் எங்கும் போகாது. ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மேடம் என் முழங்கையைத் தொட்டார், கிளம்பலாம் என்று. நாங்கள் குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே வந்தோம். மச்சானும் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

"அடுத்த வாரம் வா," என்றார் சின்னவர் உள்ளேயிருந்து.

மச்சான் நம்ப முடியாமல் திரும்பினார். சின்னவர் பகடையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இனிமே நீ கதை நடத்த வேண்டாம். ஊரை நான் போடறேன். அந்த வீட்டுக்குள்ள நான் இருக்கேன். வெளிய நின்னு நீ தட்டு."

மச்சான் ஷட்டர் பக்கம் ஓர் அடி வைத்தார். "திறப்பியா?"

"தட்டிப் பாரு," என்று சொல்லிவிட்டு, சின்னவர் ஷட்டரை முழுவதுமாக இறக்கினார்.